சூடானதும் நின்றுவிடும் பிரஷ் கட்டர்: ஒரு மழைக்காலத்துப் பாடம்

புல் வெட்டுவதற்கான, பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர் காலையில் எளிதாக ஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடி, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் எடுப்பதில்லை. நிழலில் வைத்துவிட்டுப் போய் மோர் குடித்து வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் ஓடுகிறது. இந்த ஒரு கோளாறோடு போன தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் மல்லுக்கட்டியவள் என்ற முறையில், இதே நிலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலியோடு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்போது எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாயும், அதைவிட முக்கியமாக, அந்தப் பருவத்தின் வேலையும் தப்பியிருக்கும்.

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. அப்பாவுக்கு முடியாமல் போன பிறகு அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜூனில் மழை பிடித்தால் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். புல்லை அப்படியே விட்டால் விழுந்த காய் கண்ணுக்குத் தெரியாது. காய் பொறுக்க வருகிறவர்கள் பாம்புக்குப் பயந்து உள்ளே கால் வைக்க மாட்டார்கள். வட்டப்பாத்திக்கு வைக்கிற உரத்தையும் களைதான் முதலில் தின்னும். களைவெட்ட ஆள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் அரிதாகி வருவதால், 52 சிசி, 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் பருவத்தில் அது நன்றாகவே உழைத்தது. இரண்டாவது பருவத்தின் தொடக்கத்தில்தான் மேலே சொன்ன நோய் ஆரம்பித்தது.

முதலில் அதைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால், பெட்ரோல் சிந்தாமல் இருக்க டேங்கைக் காலி செய்துவிட்டுப் புறப்பட்டேன். கடையில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி இழுத்தால் உடனே ஓடியது. கடைக்காரத் தம்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ஓடுதுங்களே அக்கா, என்ன பிரச்சினைங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சிறுமைப்படுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் நின்றவர்கள், இழுக்கத் தெரியாமல் இயந்திரத்தைக் குறை சொல்ல வந்த பெண் என்பதுபோலச் சிரித்தார்கள். நான் விடாமல் விவரித்த பிறகு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்பும் கார்புரேட்டர்தான் போயிருக்கும் என்று முடிவு செய்து புதியது போட்டார்: 750 ரூபாய், கூலி 300. தோப்புக்கு வந்து டேங்க் நிறைய ஊற்றி ஓட்டினேன். கால் மணி நேரத்தில் நின்றது. அடுத்த தடவை, சூடானால் மின்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயில் வேலை செய்யாது என்று சொல்லி அதையும் பிளக்கையும் மாற்றினார்: 850, 130, மறுபடியும் கூலி 300. அதற்கும் மசியவில்லை. மூன்றாவதாக, பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் சரியாகிவிடும், 2,500 ஆகும் என்றார். அதற்கு நான் சம்மதிக்காமல் இயந்திரத்தைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். இதற்கிடையில் புல் காத்திருக்கவில்லை. சொந்த மிஷினோடு வந்து வெட்டிக்கொடுக்கும் ஆளுக்கு 4,500 ரூபாய் கொடுத்தேன். சொந்தமாக இயந்திரம் வீட்டுத் திண்ணையில் கிடக்க, வாடகை மிஷினின் சத்தத்தைத் தோப்பில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு எரிச்சலான அனுபவம் என்பதைச் சொல்லி மாளாது.

கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் கைக்கு வந்த இயந்திரம், ஒவ்வொரு முறையும் ஆறிப்போய், டேங்க் மூடி திறக்கப்பட்டு, நோய் தெளிந்த நிலையில் வந்த இயந்திரம். என் தோப்பில் நின்றுபோன இயந்திரத்தை அவர் ஒருநாளும் பார்க்கவே இல்லை. ஆகையால் இத்தகைய கோளாறு இருப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: நின்ற இடத்தில், நின்ற நிமிடத்தில், சூடு ஆறும் முன்பே சில சோதனைகளைச் செய்து பார்த்துவிட வேண்டும். அவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிளக் கழற்றும் பானா ஒன்றும் தடிமனான கையுறை ஒரு ஜோடியும் போதும்.

முதல் சோதனை காதால் செய்வது. இயந்திரம் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றால் சந்தேகம் மின்பொறியின் மீது போக வேண்டும். அப்படியின்றி, சத்தம் ஒரு கணம் கீச்சென்று உயர்ந்து, பிறகு தடுமாறி, இழுத்துக்கொண்டே அடங்கினால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். என்னுடையது இரண்டாவது வகை. பல நாட்களாக அந்தக் கீச்சென்ற உயர்வைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்; இயந்திரம் உற்சாகமாக ஓடுகிறது என்றே அதை எண்ணியிருந்தேன். உண்மையில் அது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துபோனதன் அடையாளம். 2 ஸ்ட்ரோக் இயந்திரத்தில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். அந்த நிலையில் நெடுநேரம் வலிந்து ஓட்டினால் பிஸ்டன் உண்மையாகவே கீறல் விழுந்து இறுகிவிடும்.

இரண்டாவது சோதனை டேங்க் மூடி. நின்ற உடனே இயந்திரத்தைத் தரையில் வைத்து, மூடியை மெதுவாகத் திருகித் திறக்க வேண்டும். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடியை மறுபடியும் மூடிவிட்டு இழுத்ததும் ஓடத் தொடங்கினால், நோய் அங்கேதான் இருக்கிறது. என் இயந்திரத்தின் முழு ரகசியமும் அதுதான். பிஸ்டன் மாற்ற மறுத்துத் திரும்பிய வாரத்தில், பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று பார்ப்பதற்காக, நின்ற இயந்திரத்தின் மூடியைச் சூட்டோடு திறந்தபோதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டேங்கில் இருந்து பெட்ரோல் வெளியே போகும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வருகிறது என்று எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போடுகிறோமே, அதே கணக்குத்தான். காற்று வர வழியில்லாத டேங்கில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் இழுக்கிற பெட்ரோலை அது பின்னுக்கு இழுக்கிறது. ஒரு கட்டத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடுகிறது. நாம் மோர் குடித்து வருவதற்குள் எங்கேனும் ஒரு சிறு கசிவின் வழியே காற்று மெல்ல உள்ளே நுழைந்துவிடுவதால் மறுபடியும் ஓடுகிறது. டேங்கைக் காலி செய்து கடைக்குக் கொண்டுபோனபோது கோளாறு காட்டாமல் ஏமாற்றியதற்கும் காரணம் இதுவே.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கம் சிறு பிளாஸ்டிக் வளையத்துக்குள் சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று செருகியிருந்தது. அதன் நுனியில் முடியிழை அளவுக்கு ஒரு பிளவு. காற்று உள்ளே வரும், பெட்ரோல் வெளியே வராது என்பதற்காக வைத்த ஒருவழி வால்வு அது. பெட்ரோலில் கலக்கிற 2டி (2T) எண்ணெயின் பிசுக்கும் புல்தூசியும் சேர்ந்து உலர்ந்து, அந்தப் பிளவு பசை வைத்து ஒட்டியதுபோல மூடிக்கிடந்தது. ஊசி கொண்டு குத்தாமல், கொஞ்சம் பெட்ரோலில் நனைத்து விரல்களுக்கிடையில் மெல்லப் பிசைந்ததும் பிளவு திறந்துகொண்டது. அன்று மாலை டேங்க் தீரும்வரை இயந்திரம் நிற்கவில்லை. பிறகு ஒரு புதிய மூடியே 80 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். எல்லா மாதிரிகளிலும் வால்வு மூடியில்தான் இருக்கும் என்பதில்லை. சிலவற்றில் டேங்கின் மேற்புறத்திலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் வெளியே வந்து அதன் முனையில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக மூடியைத் தளர்வாக விட்டு வேலை செய்யாதீர்கள். பெட்ரோல் சிந்துகிற இடமும் கொதிக்கிற சைலன்சரும் இந்த இயந்திரத்தில் மிக அருகருகே இருக்கின்றன.

மூடியைத் திறந்தபோது சத்தமே வரவில்லை என்றால் அடுத்ததாகக் கார்புரேட்டருக்குக் கீழே கையால் அமுக்குகிற ரப்பர் குமிழைப் பாருங்கள். அமுக்கி விட்டால் அது உடனே உப்பி, பெட்ரோல் நிரம்ப வேண்டும். அமுங்கியபடியே கிடந்தால் டேங்குக்குள் இருக்கும் பில்டர் அடைத்திருக்கலாம். கொக்கி போல வளைத்த கம்பியால் குழாயோடு வெளியே எடுத்துப் பார்க்கலாம், புதியது ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். குமிழ் உப்புகிறது, ஆனால் காற்றுக் குமிழிகளாகவே வருகிறது என்றால் பெட்ரோல் குழாயில் வெடிப்பு இருக்கும். பெரும்பாலும் டேங்குக்குள் நுழைகிற வளைவில்தான் வெடிக்கும். குழாயை விரலால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எரிபொருள் வழியில் குறையில்லை என்றால் மின்பொறிக்கு வர வேண்டும். பிளக்கைக் கழற்றி, அதை வயர் தொப்பியில் செருகி, பிளக்கின் உலோக உடலைச் சிலிண்டரின் வெளிப்புற உலோகப் பட்டைகளில் படும்படி பிடித்து, சுவிட்சை ஆனில் வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். கையுறை அணிந்துகொண்டும், பிளக் கழன்ற துளைக்குத் தள்ளியும் இதைச் செய்யுங்கள். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சூட்டில் பொறி இல்லை, ஆறிய பின் பொறி வருகிறது என்றால்தான் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் உடனே காயில் வாங்காமல், கைப்பிடியில் உள்ள சுவிட்சுக்கு வருகிற வயரைக் காயில் அருகே கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். அந்த வயர் தேய்ந்து உலோகத்தில் பட்டாலும் பொறி போய்விடும். அதற்கு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும். ஆனால் வயரைக் கழற்றியிருக்கும்போது இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் சுவிட்சால் அணைக்க முடியாது, காற்று வழியை அடைக்கும் சோக்கை மூடித்தான் நிறுத்த வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

பிஸ்டன் மாற்றச் சொல்லும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து இயந்திரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் நன்றாக இருந்தால் இயந்திரம் கயிற்றில் தொங்கி, தடைப்பட்டுத் தடைப்பட்டு மெதுவாக இறங்கும். கயிறு தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் மட்டுமே ரிங், பிஸ்டன் பற்றிப் பேசலாம். இது துல்லியமான அளவை இல்லை என்றாலும் 2,500 ரூபாய் செலவைப் பற்றி யோசிக்க ஒரு பிடிமானம் கொடுக்கும். என் இயந்திரம் அழகாகத் தொங்கியது.

வேறு சில கோளாறுகளை இந்தத் தேடலின் வழியில் தெரிந்துகொண்டேன். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணைந்தால் பெரும்பாலும் கார்புரேட்டரில் அடைப்பு. முழுதாக மாற்றுவதற்கு முன், கழற்றிக் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, ரேஸ் கொடுத்தால் ஏறாமல் திணறினால் ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரப்புல்லின் துகள் அதில் அப்பிக்கொள்ளும், சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்திப் போட வேண்டும். பில்டரும் சுத்தம் என்றால் சைலன்சர் வழியில் கரி அடைத்திருக்கும். ரேஸ் கொடுக்காமலேயே பிளேடு சுற்றினால் ரேஸ் இல்லாதபோது ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் திருகை இடப்பக்கம் சற்றுத் திருப்பிக் குறைக்க வேண்டும். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும், அதோடு வேலை செய்வது ஆபத்து. அதிகம் இழுத்துப் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிட்டால், பிளக்கைக் கழற்றித் துடைத்து, சுவிட்சை அணைத்த நிலையில் சில முறை கயிற்றை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

எரிபொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வரத் தொடங்கி, இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் அதுதான் கிடைக்கிறது. இத்தகைய சிறு இயந்திரங்களின் கையேடுகளில் பல, 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்று சொல்கின்றன. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோலில் கலந்த 2டி எண்ணெய் அந்த அடி அடுக்கில் இருக்காது. டேங்கின் பில்டரோ அடியில்தான் கிடக்கிறது. எங்கள் பக்கம் மழைக்காலத்து ஈரத்தில், கலந்த பெட்ரோலைக் கேனில் போட்டு வைப்பதை நான் அறவே நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்கிறேன். கலக்கும் அளவு கையேட்டில் 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்மதிப்பில் ஊற்றாமல், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்தினால் பிழை வராது. காற்றால் குளிரும் இயந்திரத்துக்கான 2டி எண்ணெய்தான் வேண்டும். பைக்கின் 4 ஸ்ட்ரோக் எண்ணெய் ஆகாது, கடலோர ஊர்களில் படகு இயந்திரத்துக்கென்று கிடைக்கும் எண்ணெயும் ஆகாது, அது தண்ணீரால் குளிரும் இயந்திரத்துக்கானது. நேர்மாறாக, நீங்கள் வாங்கியது 4 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் என்றால் பொதுவாகப் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது.

கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், நின்றுபோகும் தருணத்தைக் கைபேசியில் சத்தத்தோடு படம்பிடித்துக் கொண்டுபோங்கள். அது ஆயிரம் விளக்கங்களை மிச்சப்படுத்தும். டேங்க் நிறைய ஊற்றி, மூடியைத் திறக்காமல், கடை வாசலிலேயே முழு ரேஸில் கால் மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். சத்தத்தைப் பொறுக்காமல் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய பழைய கார்புரேட்டரையும் காயிலையும் நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பிற்பாடு பழைய கார்புரேட்டரை மாட்டிப் பார்த்ததில் குறையின்றி ஓடியது. காயிலை இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை, அதுவும் நல்லதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிளேடுக்குப் பதிலாகத் தலையில் சுற்றிப் புல் வெட்டுகிற நைலான் நரம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனால் வீணாகும் நேரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. சொட்டுநீர்க் குழாய் ஓடுகிற இடத்திலும், இளங்கன்றுகளின் பக்கத்திலும் நான் உலோகப் பிளேடு போடுவதில்லை. கன்றின் தண்டில் காயம் பட்டால் அந்த வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். நரம்பு அங்கே நல்லது, ஆனாலும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே ஓட்ட வேண்டும், குழாயில் நேராகப் பட்டால் அதுவும் கிழித்துவிடும். நரம்பு அடிக்கடி அறுந்தால் அது வெயிலில் காய்ந்து மொறுமொறுப்பாகியிருக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுச் சுற்றினால் வளைந்து கொடுக்கும். நரம்பு வெளியே வராமல் தலைக்குள்ளேயே ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால், குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருப்பீர்கள், அல்லது தடிமன் அந்தத் தலைக்கு ஏற்றதாக இருக்காது. தலையைத் திறக்கும் முன் இயந்திரத்தை அணைத்து, பிளக் தொப்பியையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடியும் முழங்கால் வரை மூடிய காலணியும் இல்லாமல் இயந்திரத்தைத் தொடவே கூடாது. ஓடும்போது பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று கையேடுகள் சொல்வதை எங்கள் தோப்பில் காய் பொறுக்க வருகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அவர்கள் ஒவ்வொரு தடவையும், "தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்கள், நான் இயந்திரத்தை அணைத்துவிட்டு அவர்கள் தள்ளிப்போகும்வரை காத்திருக்கிறேன்.